ஒழுங்காக நிறுத்தினால் தொலைகிறது, நடுவில் கொன்றால் பிழைக்கிறது: ஒரு ஜர்னல் பிழை பற்றி

திருகோணமலை வளாகத்தில் இறுதியாண்டுச் செயற்றிட்டம் செய்யும் ஒரு தம்பியின் கேள்வி இது. எம்ஐடியின் எக்ஸ்வி6 என்ற கற்பித்தல் இயங்குதளத்தை எடுத்து, அதன் கோப்பு முறைமையில் உள்ள ஜர்னலை (மாற்றங்களை முதலில் எழுதி வைக்கும் வட்டுப் பகுதியை) வேகமாக்க முயன்றிருக்கிறார். கோப்பின் தரவு உட்பட எல்லாமே முதலில் ஜர்னலுக்குத்தான் போகிறது. அங்கிருந்து வட்டில் அதனதன் சொந்த இடத்துக்கு நகலெடுக்கும் வேலையை மட்டும் ஜர்னல் நிரம்பும்வரை தள்ளிப்போட்டிருக்கிறார். இப்போது, தானே எழுதிச் சேர்த்த ‘நிறுத்து’ கட்டளையால் ஒழுங்காக நிறுத்திவிட்டு மறுபடி இயக்கினால், கடைசியாக எழுதிய கோப்புகளில் பழைய உள்ளடக்கம் இருக்கிறது. எக்ஸ்வி6ஐ ஓட்டும் போலிக் கணினி மென்பொருளான கியூஎமுவை நடுவில் கொன்றுவிட்டு இயக்கினாலோ எல்லாம் சரியாக இருக்கிறது. கியூஎமுவின் கேஷ்தான் (வட்டில் எழுதுமுன் தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்) காரணம் என்கிறார் அறைத் தோழர். ‘தரவையும் ஜர்னலில் எழுதுவதுதான் மிகப் பாதுகாப்பு என்று படித்தேனே, அது பொய்யா?’ என்று கேள்வியை முடித்திருக்கிறீர்கள், தம்பி.

உண்மையில் நீங்கள் கேட்பது பாதுகாப்பைப் பற்றி அல்ல என்று நினைக்கிறேன். ஒரு பிளாக் (வட்டில் எழுதும் ஒரு துண்டு) ஜர்னலில் கமிட் ஆன, அதாவது உறுதியான, கணத்துக்கும் அது சொந்த இடத்தைச் சேரும் கணத்துக்கும் இடையில் அதற்கு யார் பொறுப்பு என்பதே கேள்வி. மூல எக்ஸ்வி6இல் அந்த இடைவெளி ஒரு மூச்சு விடும் நேரம்தான். நீங்கள் அதை நிமிடக்கணக்காக நீட்டியிருக்கிறீர்கள். நீட்டியபோது, இடைவெளி குறுகலாக இருந்ததால் மட்டுமே சரியாக இருந்த பல சங்கதிகள் ஒவ்வொன்றாக உடையத் தொடங்கியிருக்கின்றன.

அண்ணன்மார், அக்காமார் யாராவது சொல்லுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான் அக்காமார் வரிசை. பதினான்கு ஆண்டுகள் கொழும்பில் சேமிப்பகக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதிவிட்டு, இப்போது உவர்மலையில் வீட்டிலிருந்தே அதே வேலையைச் செய்கிறேன். நீங்கள் ஒட்டியிருந்த எண்ட்_ஆப் (ஒரு கோப்புச் செயலை முடித்துவைப்பது), நிறுத்து ஆகிய இரண்டு செயல்கூறுகளை மட்டுமே பார்த்தேன். எதையும் ஓட்டிப் பார்க்கவில்லை. ஆகவே எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. கியூஎமுவைக் கொன்ற பிறகும் தரவு திரும்பி வருகிறது என்றால், அது ஜர்னலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, தலைப்பு பிளாக்கும் எழுதப்பட்டிருக்கிறது, அடுத்த தொடக்கத்தில் மீட்புச் செயலும் சரியாக ஓடுகிறது. இந்தப் பிழையை எழுதும் பாதையில் இனித் தேடவேண்டாம். மூல எக்ஸ்வி6இல் ஒரு கமிட்டுக்கு நான்கு படிகள்: மாற்றிய பிளாக்குகளை ஜர்னலில் எழுது, அவற்றின் எண்களைக் கொண்ட தலைப்பு பிளாக்கை எழுது, சொந்த இடங்களுக்கு நகலெடு, தலைப்பில் எண்ணிக்கையைப் பூச்சியமாக்கி மறுபடி எழுது. இரண்டாம் படிதான் கமிட். அதற்கு முன் மின்சாரம் போனால் எதுவுமே நடக்கவில்லை என்று கணக்கு, பின் போனால் எல்லாம் நடந்துவிட்டது என்று கணக்கு. நீங்கள் மூன்றாம் படியைத் தள்ளிப்போட்டீர்கள். ஆனால் உங்கள் நிறுத்து செயல்கூறு நான்காம் படியை மட்டும் செய்கிறது. நீங்கள் ஒட்டியதில் அது கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது: எண்ணிக்கையைப் பூச்சியமாக்குகிறது, தலைப்பை எழுதும் ரைட்_ஹெட்டை அழைக்கிறது, இயந்திரத்தை நிறுத்துகிறது. சொந்த இடங்களுக்கு நகலெடுக்கும் இன்ஸ்டால்_டிரான்ஸ் அங்கே எங்கும் இல்லை.

மத்திய வீதியில் என் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். அன்றன்று நடப்பதை நாளேட்டில் எழுதி, ஓய்வு கிடைக்கும்போது கணக்கப்பிள்ளை அதைப் பேரேட்டில் ஏற்றுவார். கணக்கப்பிள்ளை நோயில் படுத்தால்கூட ஒன்றும் தொலையாது, நாளேடு இருக்கிறதே. கடையைச் சுத்தமாகப் பூட்டவேண்டும் என்ற ஆர்வத்தில், பேரேட்டில் ஏற்றுவதற்கு முன்பே நாளேட்டுத் தாளைக் கிழித்துப் போட்டால்தான் கடன் வாங்கியவர்கள் எல்லாரும் கடனில்லாதவர்கள் ஆகிவிடுவார்கள். உங்கள் நிறுத்து அதைத்தான் செய்கிறது.

வெட்கப்பட வேண்டாம். லினக்ஸிலேயே இதற்கு ஒன்றுவிட்ட தம்பி போல ஒரு பிழை வெளியாகியிருக்கிறது. 2002 நவம்பர் 28இல் 2.4.20 கெர்னல் வந்தது. அதில் எக்ஸ்ட்3 கோப்பு முறைமையின் எஃப்சிங்க் செயல்கூற்றை (கோப்பை உடனே வட்டில் இறக்குவது) வேகமாக்க ஒரு மாற்றம் சேர்ந்திருந்தது. தரவையும் ஜர்னலில் எழுதும் முறையில் மவுன்ட் செய்தவர்கள் (இணைத்தவர்கள்), கோப்பு முறைமையை ஒழுங்காகக் கழற்றினால், அதற்கு முந்தைய முப்பது விநாடிகளில் எழுதிய தரவு வட்டைச் சேராமல் போகலாம். மின்தடை எதுவும் தேவையில்லை, கழற்றினாலே போதும். வெளியான மறுநாளே ஒருவர் கண்டுபிடித்து அறிவித்தார். கழற்றுவதற்கு முன் சிங்க் கட்டளையை ஓட்டுங்கள் என்பதுதான் திருத்தம் வரும்வரை சொல்லப்பட்ட பரிகாரம். தரவை ஜர்னலில் எழுதாத, வழமையான ‘ஆர்டர்டு’ முறையில் இருந்த பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. மிகப் பாதுகாப்பானது என்று தேடிப்போய்த் தேர்ந்தெடுத்தவர்கள்தான் மாட்டினார்கள்.

இந்த வகைப் பிழை ஏன் நீண்ட நாள் ஒளிந்திருக்கிறது என்பதற்கு எனக்கு ஓர் அனுபவம் உண்டு. முன்பு வேலை செய்த ஓரிடத்தில் மூன்று வாரம் எழுதும் பாதையையே குடைந்தோம். பிழை இருந்தது நிறுத்தும் பாதையில். சோதனைக் குழுவினர் நாள் முழுக்க மின்கம்பியைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தார்கள். ஒழுங்காக நிறுத்திப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒழுங்காக நிறுத்துவதில் என்ன கெட்டுப்போகப் போகிறது என்ற நினைப்புத்தான்.

சரி, நிறுத்து எப்படி இருக்கவேண்டும்? புதிய செயல்கள் பிகின்_ஆப் வழியாக உள்ளே வருவதைத் தடுக்கவேண்டும். நடந்துகொண்டிருப்பவை முடிந்து, அவுட்ஸ்டாண்டிங் எண்ணிக்கை பூச்சியமாகக் காத்திருக்கவேண்டும். மிச்சம் இருப்பதைக் கமிட் செய்து, எல்லாவற்றையும் சொந்த இடத்தில் ஏற்றி, அதன் பிறகே தலைப்பைப் பூச்சியமாக்கவேண்டும். எளிய மாற்று ஒன்றும் இருக்கிறது: தலைப்பைத் தொடாமலே நிறுத்திவிடுங்கள். அடுத்த தொடக்கத்தில் மீட்பு பார்த்துக்கொள்ளும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஏனென்றால் அப்போது ஒழுங்கான நிறுத்தமும் விபத்தும் ஒரே பாதையில் போகும். ஆனால் வட்டு உருவை வேறு கருவியால் திறந்து பார்ப்பதாக இருந்தால் முதல் வழிதான் சரி.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. கேள்வியின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘பிகெட்டில் பஃபர் இல்லை என்று பானிக் வந்தது, அதனால் பிஅன்பின் அழைப்பைக் கமிட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தினேன்.’ பஃபர் என்பது ஒரு பிளாக்கின் நினைவகப் பிரதி. அதை வேறெதற்கும் எடுக்காதபடி பிடித்து வைப்பது ‘பின்’, அந்தப் பிடியை விடுவது பிஅன்பின். பானிக் என்றால் கெர்னல் தானே நின்றுவிடுவது. அந்த வரியைப் படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதுவும் பிழை என்று உறுதியாகச் சொல்வேன். நிறுத்து பிழையைவிட இது மோசமானது. எக்ஸ்வி6இல் பஃபர்கள் 30, ஜர்னல் இடங்களும் 30. ஏற்றுவதைத் தள்ளிப்போட்டால் ஜர்னலில் உள்ள ஒவ்வொரு பிளாக்கின் பஃபரும் நினைவகத்தில் பின் செய்யப்பட்டே இருக்கவேண்டும், ஆகவே பஃபர் தீர்ந்துபோனது இயல்பு. நீங்கள் பின்னைக் கழற்றியதும் பானிக் போய்விட்டது. ஆனால் அந்தப் பஃபரை இனி வேறு பிளாக்குக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. அடுத்து யாராவது அதே பிளாக்கைப் படித்தால், அது வட்டின் சொந்த இடத்திலிருந்து வரும். அங்கே இருப்பது பழையது. புதியது ஜர்னலில் கிடக்கிறது, படிக்கும் பாதை அங்கே பார்ப்பதே இல்லை. இன்னும் கெட்டது: அந்தப் பழைய பிரதியின் மேல் இன்னொரு மாற்றம் செய்து அதையும் ஜர்னலில் எழுதினால், இடையிலிருந்த மாற்றம் நிரந்தரமாகப் போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கோப்பு பழையபடி தெரிந்ததாக நீங்கள் எழுதவில்லை. கொஞ்ச நேரம் கூடுதலாக ஓட்டினால் தெரியும்.

மருந்து பின்னைக் கழற்றுவதில் இல்லை, பஃபர் எண்ணிக்கையைக் கூட்டுவதில் இருக்கிறது. ஏற்றி முடியும்வரை பின் இருக்கட்டும். ஜர்னல் அளவையும் கூட்டத்தான் வேண்டும். 30 இடங்களை வைத்துத் தள்ளிப்போடுவதில் பெரிய இலாபம் இல்லை. ஒவ்வொரு செயலுக்கும் பிகின்_ஆப் 10 இடம் ஒதுக்குவதால், 20ஐத் தாண்டியதும் எப்படியும் ஏற்றியாகவேண்டும். கூட்டும்போது தலைப்பு ஒரே பிளாக்குக்குள் அடங்குவதைக் கவனியுங்கள். 1024 பைட் பிளாக்கில், எண்ணிக்கைக்கு 4, ஒவ்வோர் இடத்துக்கும் 4 என்று கணக்கிட்டால், எக்ஸ்வி6இன் சரிபார்ப்பு 254 வரைதான் விடும். நான் 127ஐத் தாண்டமாட்டேன். அதுவரை தலைப்பு 512 பைட்டுக்குள், அதாவது பழைய வகை வட்டின் ஒரே செக்டருக்குள் அடங்கும். தாண்டினால் பாதித் தலைப்பு புதிதும் பாதி பழையதுமாக எழுதப்படும் சாத்தியம் நிஜ வட்டில் உண்டு. மாற்றியபின் எம்கேஎஃப்எஸ் கொண்டு வட்டு உருவைப் புதிதாகச் செய்ய மறக்கவேண்டாம். ஜர்னலின் அளவு அங்கேயும் பதிகிறது.

இங்கிருந்து ஊகம். மாற்றிய பிளாக்கை ஜர்னல் பட்டியலில் சேர்க்கும் உங்கள் லாக்_ரைட்டை நீங்கள் ஒட்டவில்லை. அதைத் தொடாமல் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தொடவில்லை என்றால் மூன்றாவது பிழை ஒன்று காத்திருக்கிறது. ஒரே பிளாக்கை மறுபடி மாற்றினால் புது இடம் எடுக்காமல் ஜர்னலில் ஏற்கெனவே உள்ள இடத்தையே பயன்படுத்தும் சிக்கனம் அந்தச் செயல்கூற்றில் இருக்கிறது. மூலத்தில் அது பாதுகாப்பானது, ஏனென்றால் பட்டியலில் இருப்பவை எல்லாம் இன்னும் கமிட் ஆகாதவை. உங்கள் வடிவத்திலோ பட்டியலின் முன்பகுதி ஏற்கெனவே கமிட் ஆகிவிட்டது. அந்த இடத்தைப் புதுப் பரிவர்த்தனை (ஒன்றாகக் கமிட் ஆகும் மாற்றங்களின் தொகுதி) பயன்படுத்தினால் இரண்டில் ஒன்று நடக்கும். பிளாக்குகளை ஜர்னலில் எழுதும் உங்கள் ரைட்_லாக், பட்டியலின் தொடக்கத்திலிருந்து எழுதினால், கமிட் ஆன பிரதியின் மேல் கமிட் ஆகாத பிரதி விழுகிறது. அந்த நேரத்தில் விபத்து நடந்தால் பாதி நடந்த பரிவர்த்தனையை மீட்பு நடந்ததாக ஏற்றிவிடும். புதிய பகுதியிலிருந்து மட்டும் எழுதினால், அந்த மாற்றம் ஜர்னலுக்குப் போகவே போகாது. எது உங்களுடையது என்று எனக்குத் தெரியாது, இரண்டுக்கும் திருத்தம் ஒன்றே: நடப்புப் பரிவர்த்தனை தொடங்கிய இடத்தைக் குறித்து வைத்து, அதற்குப் பின் உள்ள இடங்களில் மட்டும் சிக்கனம் பாருங்கள். முன்னால் உள்ளவற்றைத் தொடாமல் கடைசியில் புது இடம் எடுங்கள். மீட்பு வரிசையாக ஏற்றுவதால் பின்னது வெல்லும். இதே சிக்கலுக்கு லினக்ஸின் ஜர்னல் பகுதியான ஜேபிடி2, கமிட் ஆகிக்கொண்டிருக்கும் பஃபரை அடுத்த பரிவர்த்தனை மாற்ற வந்தால், பழைய உள்ளடக்கத்தின் உறைந்த பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்கிறது. உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை.

ஏற்றும் வேலை எப்போது ஓடுகிறது என்பதையும் பாருங்கள். இன்ஸ்டால்_டிரான்ஸ் ஜர்னல் பிரதியை எடுத்து, நினைவகத்தில் உள்ள பஃபரின் மேல் நகலெடுத்து, பிறகு வட்டில் எழுதுகிறது. வேறொரு செயல் அந்தப் பஃபரை மாற்றிவிட்டு இன்னும் கமிட் ஆகாமல் இருந்தால், அந்த மாற்றம் பழைய பிரதியால் அழிந்துபோகும். எண்ட்_ஆப்பில், அவுட்ஸ்டாண்டிங் பூச்சியமான கணத்தில் மட்டும் ஓட்டினால் இந்தத் தொல்லை இல்லை. ஒட்டியதில் அப்படித்தான் செய்திருக்கிறீர்கள், நல்லது. பின்னணியில் தனிச் செயலாக ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

அறைத் தோழர் சொன்ன கியூஎமு கேஷ் இந்தப் பிழைக்குக் காரணம் இல்லை. ஆனால் வேறோர் இடத்தில் அவர் சரி. கியூஎமுவைக் கொல்வது மின்தடை ஆகாது. அது எழுதியவை உங்கள் மடிக்கணினியின் நினைவகத்தில், லினக்ஸின் கையில் இருக்கின்றன. கியூஎமு செத்தாலும் லினக்ஸ் அவற்றை வட்டில் எழுதிவிடும். மாரி காலத்தில் நம் ஊரில் மின்சாரம் போகும்போது, பற்றரி செத்த கணினி ஒன்று அணைவதே உண்மையான சோதனை. அதில் எழுதிய வரிசை குலையலாம்: தலைப்பு வட்டைச் சேர்ந்து, அது சுட்டும் பிளாக்குகள் சேராமல் போகலாம். வட்டோடு பேசும் எக்ஸ்வி6இன் விர்ட்ஐஓ இயக்கிக்கு ‘படி’, ‘எழுது’ என்ற இரண்டு கட்டளைகள்தான் தெரியும். ‘கேஷில் இருப்பதை வட்டில் இறக்கிவிட்டுச் சொல்’ என்ற ஃப்ளஷ் கட்டளை அதில் இல்லை. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை கமிட் பதிவுக்கு முன்னும் பின்னும் இதைக் கேட்டு வாங்குகிறது. உங்கள் செயற்றிட்ட அறிக்கையில் இந்த எல்லையை நேர்மையாக எழுதிவிடுங்கள், கேள்வி கேட்பவர்கள் அங்கேதான் கைவைப்பார்கள்.

சோதிக்கும் முறையை மாற்றுங்கள். கையால் கொல்வது அதிர்ஷ்டச் சீட்டு. விர்ட்ஐஓ எழுதும் செயல்கூற்றில் ஓர் எண்ணியை வையுங்கள். N-வது எழுதுதல் முடிந்ததும் பானிக் ஆகட்டும். Nஐ 1 முதல் ஒவ்வொன்றாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் புது வட்டு உருவிலிருந்து தொடங்கி, மறுபடி இயக்கி, கோப்புகளைச் சரிபாருங்கள். 10 பிளாக் கொண்ட பரிவர்த்தனைக்கு மூல முறையில் வட்டில் 22 எழுதுதல்கள்: ஜர்னலில் 10, சொந்த இடத்தில் 10, தலைப்பு இரண்டு முறை. ஆகவே சில நூறு ஓட்டங்களில் ஒவ்வோர் இடுக்கையும் தொட்டுவிடலாம். ஸ்கிரிப்டாக எழுதி இரவில் விட்டுவிட்டுத் தூங்குங்கள். லினக்ஸில் இதே வேலைக்கு டிஎம்-லாக்-ரைட்ஸ் என்ற கருவி இருக்கிறது. அது வட்டில் எழுதுபவற்றை எல்லாம் பதிந்து வைத்து, எந்தப் புள்ளி வரை வேண்டுமோ அதுவரை திருப்பி ஓட்டித் தருகிறது. அந்த ஓட்டங்களில் ஒழுங்கான நிறுத்தமும் ஒன்றாக இருக்கட்டும்.

அடுத்த கட்டமாகப் பெரிய கோப்புகளின் தரவை ஜர்னலுக்கு வெளியே விடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் தொடங்கும் முன் இதை யோசியுங்கள். ஒரு அடைவின் (ஃபோல்டரின்) பிளாக் 900 ஜர்னலில் கமிட் ஆகி இருக்கிறது. அடைவை நீக்குகிறீர்கள், 900 விடுபடுகிறது. ஒரு பெரிய கோப்பு அதே 900ஐ எடுத்து, ஜர்னலைத் தொடாமல் நேராக எழுதுகிறது. இப்போது விபத்து. மீட்பு ஜர்னலில் உள்ள பழைய அடைவை 900இல் ஏற்றுகிறது. கோப்பின் நடுவில் செத்துப்போன அடைவு வந்து உட்கார்ந்துவிடுகிறது. எக்ஸ்ட்3இல் ‘இந்த பிளாக்கின் பழைய பிரதியை ஏற்றாதே’ என்று சொல்லும் ரிவோக் பதிவு வந்தது இதற்காகத்தான். கோப்பு முறைமை முழுவதும் தரவையும் ஜர்னலில் எழுதினால் 900இன் புதிய உள்ளடக்கமும் ஜர்னலில் பின்னால் வந்துவிடும், ரிவோக் தேவைப்படாது. எக்ஸ்ட்4இன் நிரலும் அந்த முறையில் ரிவோக்கை விட்டுவிடுகிறது. ஆக, இப்போது உங்களிடம் இல்லாத ஒரு பிழை வகையை அந்த வேகத்துக்கு விலையாகக் கொடுத்து வாங்கப்போகிறீர்கள். செயற்றிட்டத்துக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால் நான் வாங்கமாட்டேன்.

கடைசி வரிக்கு வருகிறேன். நீங்கள் படித்தது பொய் இல்லை, அது சொல்லும் பாதுகாப்பு நீங்கள் நினைத்ததைவிடச் சிறியது. ஜர்னல் ஒரு பரிவர்த்தனையைத்தான் முழுதாகவோ வெறுமையாகவோ வைத்திருக்கும்; ஒரு கோப்பை அல்ல. எக்ஸ்வி6இல் ரைட் அழைப்பு ஒன்று பெரிதாக இருந்தால், கெர்னல் அதை 3072 பைட் துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு ஒரு பரிவர்த்தனையாக எழுதுகிறது. 20 கிலோபைட் கோப்பை எழுதும்போது விபத்து நடந்தால் முதல் மூன்று துண்டு புதிதாகவும் மிச்சம் பழையதாகவும் இருக்கலாம், அது பிழை அல்ல. உங்கள் சோதனை ஸ்கிரிப்ட் கோப்பை முழுதாக ஒப்பிட்டுப் பார்த்தால் பொய்யாக அலறும். துண்டு துண்டாக ஒப்பிடச் சொல்லுங்கள்.

முதலில் பின்னைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள், பிறகு நிறுத்து செயல்கூறு, அதன் பின் லாக்_ரைட். எண்ணியை வைத்து ஓட்டியதும் எந்த எண்ணில் விழுகிறது என்பதையும், லாக்_ரைட், ரைட்_லாக் இரண்டையும் இங்கே ஒட்டுங்கள். வெள்ளி இரவு பார்க்கிறேன்.